ஏழாம் வரி

தை மாதத்துச் சனிக்கிழமை. ஸ்காபரோவில்
லோரன்ஸ் வீதிச் சமூக நிலையத்தின் நிலக்கீழ் அறை.
வெள்ளி இரவுகளில் இங்கே கரம் விளையாடுவார்கள்,
பவுடர் மணம் இன்னும் போகவில்லை.
இருபது அடி அளந்து
தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன்.
சுவரில் எழுத்து அட்டை.
சப்பாத்துப் பனி உருகி வாசல் முழுக்கச் சேறு.

அடுத்த மேசையில் பல் பார்க்கிறார்கள்.
அதற்கும் அடுத்ததில் தடுப்பூசி, அழுகை அங்கேதான்.
மேல்மாடியில் கணக்கு வகுப்பு,
கதிரை இழுபடும் சத்தம் மட்டும் எங்களுக்கு.
பாலும் வாழைப்பழமும் கேட்காமலே கொடுக்கவேண்டும்.
கேட்டுக் கொடுத்தால்
பாதிப் பிள்ளைகள் பசிக்கவில்லை என்பார்கள்.

முப்பத்தோராவது பிள்ளை யதுர்ஷன்.
நாலாம் வகுப்பு.
ஒரு கையுறை கறுப்பு, மற்றது சிவப்பு.
இடக்கண்ணைப் பொத்தச் சொன்னேன்.
ஈ. எஃப், பீ. டீ, ஓ, ஸெட்.
மூச்சு விடாமல்
வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில்
ஐந்தாம் வரி, ஆறாம் வரி.

அப்போதுதான் ஹீற்றர் சூட்டில் பசை இளகி
அட்டை
சுவரைவிட்டுக் கழன்று
கதிரைக்குப் பின்னால் விழுந்தது.

அவன் வாசித்துக்கொண்டேயிருந்தான்.
எஃப், ஈ, எல், சீ, பீ...
வெறுஞ்சுவரில் ஏழாம் வரி முடிந்து
எட்டாவது தொடங்கியது.

வரிசையில் சிரிப்பு.
நான் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
முதலில் சிரித்தேன்.

கதவுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டபோது
நிலத்தைப் பார்த்துச் சொன்னான்:
"பந்து பட்டுப் பழசு உடைஞ்சு போச்சு.
அம்மா இன்னும் அதுக்குத்தான் காசு கட்டுறா.
மாசம் பதினைஞ்சு டொலர், இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு.
எனக்குத் தெரியுது அக்கா.
எல்லாம் தெரியுது."

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
முன்பு கண்ணாடி அணிந்ததுண்டா?
ஆம் என்றால் இலவசம் இல்லை,
காசு தருகிறவர்களின் விதி.
என் பேனை அந்த இடத்தில் எழுதவில்லை.
குளிரில் பேனைகளுக்கு அப்படி ஆவதுண்டு.

மூன்று கிழமையில் கண்ணாடி வந்தது.
நிறம் கேட்டதற்கு
உடையாததாய்த் தாங்கோ என்றிருந்தான்.
தாயும் வந்திருந்தாள்,
கேக் பக்டரியில் இரவு வேலை முடித்த கையோடு,
ஜக்கெற் கையில் சீனித் தூள்.
எவ்வளவு என்று கேட்டாள். இல்லை என்றேன்.
பிறகும் கேட்டாள்.

அவன் மாட்டிக்கொண்டு
தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.
மஞ்சள் கோட்டில் போய் நின்று
முதலிலிருந்து தொடங்கினான்,
இந்த முறை மெதுவாக,
ஒவ்வோர் எழுத்தையும் ஊர் பெயர் கேட்டு
உள்ளே விடுவதுபோல.
ஏழாம் வரியில் நின்றுவிட்டான்.

"அக்கா, இது ஓ.
சீ இல்லை.
எங்களுக்குச் சொல்லித் தந்தவன் பிழையாச் சொல்லிட்டான்."

எங்களுக்கு.

அன்றைய தாள்களை வெளியே எடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
ஏழாம் வரியில் ஓவைச் சீ என்றவர்களுக்கு
சின்னதாய் ஒரு கோடு போட்டிருந்தேன்,
ஓர் எழுத்துத்தானே என்று
பார்வை நன்று எனக் கையெழுத்தும் வைத்திருந்தேன்.
ஹமீதுல்லா.
ஷனிஸ்.
ஆருத்யா, அவளுடைய தம்பி.
எண்ணியபோது ஒன்பது.

யதுர்ஷன் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தான்,
காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்கிற முகம்,
மூக்கில் இன்னும் பழகாத நீலச் சட்டம்.

முதல் இலக்கத்தை அழுத்தினேன்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.
தாய் தன் பையிலிருந்து
பக்டரியில் கழித்துவிட்ட கேக்குப் பெட்டியை எடுத்து
கேட்காமலே
எல்லோருக்கும் வெட்டத் தொடங்கினாள்.